மைக் மிஸ்ஸும் நின்றுபோன லிஃப்டும்

பேருந்து நிலைய வேலையை விட்டுவிட்டு, சின்னக் குழந்தைகளுக்கு டீச்சராகப் படிக்கப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்ன அன்று, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை.

"நல்லாத்தானே இருந்தே?" என்றாள் அம்மா. "உக்கார்ந்த இடத்துல வேலை. மழை இல்லை, வெயில் இல்லை. அதை விட்டுட்டு ஊரார் பிள்ளைங்க மூக்கைத் துடைக்கப் போறேங்கிறியே!"

செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிற தம்பிக்கு, வாயில் ரொட்டியோடு சிரித்ததில் புரையேறிவிட்டது. "அந்தப் பிள்ளைங்க பாவம்மா. இவ ஒரு தடவை 'உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டா அடுத்த தெருப் பசங்களும் வந்து நிப்பாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் அவளுடைய வேலை. கணீரென்ற குரல். மின்சாரம் போன நாட்களில் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி, வெறும் வாயாலேயே கடைசி மூலை வரைக்கும் கேட்க வைத்திருக்கிறாள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சேர்ந்து அவளுக்கு "மைக்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் மத்தியானம், கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்ட ஒரு சின்னப் பெண்ணைக் காவலாளி தூக்கிவந்து கூண்டுக்குள் விட்டுவிட்டுப் போனார். அறிவிப்பு கொடுத்தாயிற்று. அம்மா வரவில்லை, பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஒலிவாங்கியைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தி, "நீ ஒரு பஸ் சொல்லு பார்ப்போம்" என்றாள். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தது. பிறகு நிலையம் முழுக்கக் கேட்கும்படி, "நிலாவுக்குப் போற பஸ் வந்தாச்சு. எல்லாரும் தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டு ஓடி வாங்க" என்றது.

நிலையமே சிரித்தது. மூட்டையோடு நின்ற ஒருவர், "எந்த நடைமேடை, பாப்பா?" என்று கத்தினார். பிள்ளையின் குரலை அடையாளம் கண்டுதான் அம்மாக்காரியும் ஓடிவந்து சேர்ந்தாள். மேலாளர் மைக்கைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையாட்டிக்கொண்டு நின்றாளே தவிர, ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் கூண்டிலிருந்து அவள் பேசியிருக்கிறாள். ஒருத்தரும் ஒரு நாளும் பதில் பேசியதில்லை. இந்தப் பொடிசு ஒரே ஒரு பஸ்ஸைக் கிளப்பி ஊரையே பேச வைத்துவிட்டது! அன்றிலிருந்து அவள் மனசு கூண்டில் உட்கார மறுத்தது.

இப்படியாக, இருபத்தெட்டு வயதில், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் போய் உட்கார்ந்தாள். படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவரையும் ஒரு பள்ளிக்கு அனுப்பி, உண்மையான வகுப்பில் பாடம் நடத்தச் சொல்வார்கள். அவளுக்குக் கிடைத்தது ஒரு மழலையர் வகுப்பு. ஐந்து வயசுப் பட்டாளம். பாடம், கதை சொல்லப் பழக்குவது. பயிற்சி முடிவதற்குள் பிள்ளைகள் ஆரம்பம், நடு, முடிவு என்று கோவையாக ஒரு கதை சொல்லிக் காட்ட வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் போனாள்.

முழங்கால் உயரத்தில் கைகழுவும் குழாய்கள், உட்கார்ந்தால் தாடையில் முட்டி இடிக்கிற நாற்காலிகள், மெழுகு வண்ணக் குச்சிகளின் வாசனை. வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே ஒரு மரத்தட்டி மட்டும். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். வகுப்பின் சொந்த ஆசிரியையைக் குழந்தைகள் "பெரிய மிஸ்" என்று கூப்பிட்டார்கள். பெரிய மிஸ் கெட்டவர் இல்லை. சத்தம் மட்டும் ஆகாது. விரலை உதட்டில் வைத்தால் வகுப்பு அடங்கிவிடும். அதை அவர் பல வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தார்.

மைக் பெரிய படங்களை வரைந்து கொண்டுபோயிருந்தாள். ஓர் ஆடு, ஓர் ஆறு, ஒரு பாலம். குரலை ஏற்றி இறக்கி அந்த ஆட்டை ஆற்றைக் கடக்க வைத்தாள். முடித்துவிட்டு, "கதை எங்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள்.

"போர்டுல" என்றது ஒரு குழந்தை.

"சரி, நடுவுல என்ன ஆச்சு?"

"நீங்க தண்ணி குடிச்சீங்க."

"முடிவு?"

"முடிஞ்சிடுச்சா மிஸ்? அப்ப வெளிய போலாமா?"

மூன்று நாள் இதே கூத்து. படத்தை மாற்றினாள், ஆட்டை முயலாக்கினாள். பலன் இல்லை. பெரிய மிஸ் ஆறுதலாக, "பரவாயில்ல விடு. ஒரு கதையை மனப்பாடம் பண்ண வெச்சிடு. பார்க்க வர்றவங்களுக்கு அது போதும்" என்றார். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான்காம் நாள் இடைவேளை. மழை, வெளியே விட முடியாது. ஜன்னலோரம் ஐந்தாறு பிள்ளைகள் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவன் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினான். எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவன், அதனால் அவனுக்கு ராக்கெட் என்று பெயர். மைக்குக்கு நாக்கு அரித்தது. எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பாள்? மூக்கைப் பிடித்துக்கொண்டு, பழைய கூண்டுக் குரலில் ஆரம்பித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஜன்னலோரம் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்பட உள்ளது!"

மறு நொடி, அத்தனை பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தார்கள்.

"ஓட்டுநரே, வண்டி எங்க போகுது?"

"எங்க மாமா வீட்டுக்கு" என்றான் ராக்கெட்.

"போனீங்களா?"

"போனோம். டயர் வெடிச்சிடுச்சு!"

"அய்யய்யோ! அப்புறம்?"

"நான் டயர்! நான் டயர்!" என்று ஒரு பெண் தரையில் உருண்டாள். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவள் பெயர் வக்கீல். "மாமா வேற டயர் கொண்டு வந்தாரு" என்றான் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டே இருக்கும் பையன். பொத்தான் என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். "அப்புறம்?" "மாமாவோட நாயும் வந்துச்சு." "அப்புறம்?" "நாய் டயரைத் தின்னுடுச்சு!" வக்கீல் எழுந்து நின்று, தன்னைத் தின்னக் கூடாது என்று வாதாடினாள். கடைசியில் எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே மாமா வீடு போய்ச் சேர்ந்தார்கள், நாய்க்கு வயிற்றுவலி வந்தது, எல்லோரும் தூங்கினார்கள்.

மைக் அப்படியே நின்றாள். ஆரம்பம் இருக்கிறது. நடுவில் டயர் வெடித்திருக்கிறது. முடிவும் வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அப்புறம்?" என்று கேட்டது ஒன்றுதான் அவள் செய்தது!

அடுத்த நாளிலிருந்து வழக்கம் இதுதான். காலையில் ஒரு குழந்தை கதை சொல்லும். மைக் அதை அப்படியே, அவர்கள் வாய்ச் சொல்லிலேயே எழுதிக்கொள்வாள். இடைவேளைக்குப் பிறகு மற்ற பிள்ளைகள் அதை நடிப்பார்கள். கதை யாருடையதோ, அவர்தான் யார் யாராக நடிப்பது என்று முடிவு செய்வார். எப்போதாவது ஓட்டம் நின்றால் மைக் "அப்புறம்?" என்பாள். நடிக்கும்போதே ஓட்டை தெரிந்துவிடும். "சிங்கம் வந்துச்சு, எல்லாரும் செத்துட்டாங்க" என்று பொத்தான் கதை சொன்னால், சிங்கமாக நின்ற பிள்ளைக்குக் கோபம் வந்துவிடும்: "நான் ஏன் வந்தேன்? அதைச் சொல்லவே இல்லையே நீ?" பொத்தான் தலையைச் சொறிந்து ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். சிங்கத்துக்குத் தன் செருப்பைக் காணோம், தேடிக்கொண்டு வந்தது. கதை நிமிர்ந்து நின்றுவிட்டது.

ஒரு வாரத்துக்குள் வகுப்பில் பேச்சே மாறிப்போயிற்று. சாப்பிடும்போது ஒருத்தி அரைகுறையாக ஏதோ சொன்னால், மற்றவள் "இது நடுதான். முடிவு இன்னும் வரல" என்று சரியாகப் பிடித்தாள். வீட்டில் மைக்கின் வாய் ஓயவே இல்லை. "இன்னைக்கு ஒரு சிங்கம்மா..." என்று அவள் ஆரம்பித்தாலே தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனான். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

சிக்கல் சத்தத்தில் வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பெரிய மிஸ் முகம் சிவந்து, "இப்படியே போனா நான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். மைக் பிள்ளைகளிடமே கேட்டாள்: "சத்தம் போடாம இடி இடிக்க முடியுமா?" முடியுமாவா! கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, கைகளை விரித்து, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் வகுப்பே இடித்தது. பெரிய மிஸ் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கிற்று.

எல்லோருக்கும் கதை வந்துவிட்டது, ஒருத்தியைத் தவிர.

அவளுக்குப் பெரியம்மா என்று பெயர். வயசு ஐந்து. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி வருவாள். "கையைக் கழுவினியா?" "பையை மூடி வை, எறும்பு வரும்." "மிஸ், நீங்க காலைல சாப்பிட்டீங்களா இல்லையா?" அவள் கேட்டால் பெரிய மிஸ்ஸே பதில் சொல்வார். மற்றவர்கள் கதையில் எல்லோரையும் சரியான இடத்தில் நிறுத்தி, சட்டையை இழுத்துவிட்டு, "இப்ப அழு" என்று கட்டளை போடுவதும் அவள்தான். ஆனால் அவள் முறை வந்தால்:

"நானும் அப்பாவும் லிஃப்ட்ல ஏறினோம். லிஃப்ட் நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அப்புறம் என்ன ஆச்சு, தங்கம்?"

"அவ்ளோதான்னு சொன்னேன்ல மிஸ்? வேற யாரையாவது கேளுங்க."

அடுத்த முறையும் அதே லிஃப்ட். அதே இடத்தில் நிற்கும். நடிக்கவும் விடமாட்டாள்.

அவளுடைய அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிற வேலை செய்பவர். முழங்கைவரை சுண்ணாம்பும் பெயின்ட்டுமாக மகளைக் கூட்டிப்போக வருவார். ஒரு நாள் வாசலில் மைக் மெதுவாகக் கேட்டாள். அவர் சிரித்தார், சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

"ஒண்ணும் இல்லைங்க மிஸ். எங்க கட்டடத்து லிஃப்ட் ஒரு நாள் கொஞ்ச நேரம் நின்னுடுச்சு. அதுலேருந்து இவ ஏற மாட்டேங்கிறா. ஏழு மாடியும் படிதான்."

"பயந்துட்டாளா?"

"அவளா?" என்றவர் ஏதோ சொல்ல வந்தார். மகளைப் பார்த்தார். "ஆமா. அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் அம்மாள் பார்வையிட வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மாணவிகள் அவரைச் சிவப்பு மை என்பார்கள். ஒரு பாடத்திட்டத்தில் அவர் கைவைத்தால் எழுதியது தெரியாது, திருத்தியதுதான் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி.

"ஆட்டுக் கதையையே நடத்திடு" என்றார் பெரிய மிஸ். அக்கறையோடுதான் சொன்னார். "பசங்க கதைன்னா எங்க போய் முடியும்னு யாருக்குத் தெரியும்? அன்னைக்கு உன் தலையெழுத்து அவங்க கையில இருக்கக் கூடாது."

நியாயம்தானே? மைக் குழம்பிப்போனாள். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் அம்மாவையும் தம்பியையும் உட்கார வைத்து, முதலில் ஆட்டுப் பாடத்தை நடத்திக் காட்டினாள். ஆடு பாலத்துக்கு வருவதற்குள் அம்மாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. தம்பி செல்போனை எடுத்துவிட்டான். சரி என்று, பொத்தானின் செருப்பைத் தேடும் சிங்கக் கதையைச் சொல்லி, "யாரு சிங்கம்?" என்று கேட்டாள்.

"நான்" என்றான் தம்பி.

"நீ எதுக்கு? நான் ஆவுறேன்" என்றாள் அம்மா.

"உனக்கு முட்டி வலிம்மா!"

"சிங்கத்துக்கு முட்டி வலிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? அதனாலதானே செருப்பைத் தேடுது?"

அம்மா நாலு காலில் சோபாவைச் சுற்றிவந்து தம்பியின் காலைக் கவ்வ, அவன் அலற, மேல்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து மணியடித்தார். மைக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். ஆட்டுப் படங்களைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டாள். வருவது வரட்டும்.

வந்தது.

சிவப்பு மை குட்டி நாற்காலியில், மடியில் கோப்போடு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. அன்றைக்குக் கதை சொல்லும் முறை யாருடையது? பெரியம்மாவுடையது! முறையை மாற்றலாம்தான். மாற்றினால் அவள் முகம் என்னவாகும்? மைக் பெரியம்மாவைப் பார்த்து, "வா, சொல்லு" என்றாள்.

"நானும் அப்பாவும் லிஃப்ட்ல ஏறினோம். லிஃப்ட் நின்னுடுச்சு."

"அப்புறம்?" என்றது வகுப்பு.

"அவ்ளோதான்."

சிவப்பு மையின் பேனா எதையோ குறித்தது. "சரி, அவ்ளோதான்னா அவ்ளோதான்," என்றாள் மைக். " அதுவரைக்கும் நடிச்சுப் பார்ப்போமா?"

வேண்டாம் என்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெரியம்மா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "பொத்தான் அப்பா. ராக்கெட் நான்."

"அப்ப நீ?"

"நான் கதவு."

"கதவு ஆள் கிடையாது மிஸ்" என்று எழுந்தாள் வக்கீல்.

"நீ டயரா நடிச்சியே?"

"டயர் உருளும். அது வேற."

"நான் திறப்பேன், மூடுவேன்" என்றாள் பெரியம்மா. அதோடு வழக்கு தீர்ந்தது.

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் போட்டார்கள். பொத்தானும் ராக்கெட்டும் கைகோத்து உள்ளே நின்றார்கள். பெரியம்மா அவர்களுக்கு முன்னால் வந்து, வெளிப்பக்கம் பார்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று வகுப்பு மாடிகளை எண்ணியது. "நில்லு!" என்றாள் கதவு. நின்றது.

உள்ளே இருந்தவர்கள் சத்தமில்லாமல் தட்டினார்கள். சத்தமில்லாமல் கத்தினார்கள். கதவு அசையவில்லை. பொத்தான் பிஸ்கட் தருவதாகச் சொன்னான். ம்ஹும். ராக்கெட் குனிந்து கைக்கு அடியில் நுழையப் பார்த்தான். முழங்காலால் இடித்து உள்ளே தள்ளினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிவப்பு மை கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய மிஸ் ஜாடையில், முடித்துவிடு, முடித்துவிடு என்றார்.

மைக்கால் முடியும். கணீரென்று "கதவு திறந்தது!" என்று ஓர் அறிவிப்பு கொடுத்தால் போதும், இந்தப் பிள்ளைகள் திறந்துவிடுவார்கள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அந்தச் சின்னக் கைகள் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தாள். இது விளையாட்டுக்குப் பிடிக்கிற பிடி இல்லை.

வார்த்தையை விழுங்கினாள். முட்டி போட்டு நகர்ந்து கதவுக்குப் பக்கத்தில் போய், வாழ்நாளில் முதல் தடவையாகக் கிசுகிசுத்தாள். "கதவே, ஏன் திறக்க மாட்டேங்கிறே?"

கதவு தரையைப் பார்த்தது. "உள்ள அப்பா அழறாங்க."

"ம்."

"வெளிய ஆளுங்க நிக்கிறாங்க. திறந்தா பார்த்துடுவாங்க."

கிசுகிசுதான். ஆனாலும் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மைக் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இத்தனை நாளும் இவள் தன் பயத்தையா மூடி வைத்திருந்தாள்? அப்பாவை அல்லவா மறைத்து நின்றிருக்கிறாள்!

பொத்தான் வாயிலிருந்து பொத்தானைத் துப்பிவிட்டு, தான் அப்பா என்று நினைவு வந்தவனாக, முகத்தை மூடிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தான். ராக்கெட் அவன் முதுகைத் தடவினான்.

"எங்க அப்பா ஃபுட்பால்ல தோத்தாக்கூட அழுவாங்க" என்றாள் வக்கீல்.

"எங்க அப்பா வெங்காயம் நறுக்கும்போது."

"எங்க மாமா ஊசிக்கு! டாக்டரோட கையைப் பிடிச்சுக்கிட்டாரு!"

ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். ஊரில் உள்ள அத்தனை அப்பாக்களும் மாமாக்களும் அங்கே வந்து அழுது தீர்த்தார்கள். கதவு ஒவ்வொருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. விரித்த கை கொஞ்சம் தாழ்ந்தது.

"யாரும் சிரிக்க மாட்டீங்களே?"

"சிரிச்சா நான் கடிப்பேன்" என்றான் ராக்கெட் உள்ளேயிருந்து.

"சரி. ஆனா ரிப்பேர் பண்றவங்க வராம கதவு திறக்காது."

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். வக்கீல் கரும்பலகை துடைப்பானை எடுத்துக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள்.

"நீங்கதான் ரிப்பேர் அங்கிள்."

"நானா?" என்றார் சிவப்பு மை. "நான் மார்க் போட வந்திருக்கேன்மா."

"அதை அப்புறம் போடுங்க. உள்ள ஆள் மாட்டியிருக்கு."

சிவப்பு மை எழுந்தார். நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. வகுப்பு சிரிப்பை அடக்கி நெளிந்தது. பெரிய மிஸ் ஓடிவந்து பிடுங்கிவிட்டார். அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கோப்பை நாற்காலியில் போட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, துடைப்பானைத் திருப்புளி மாதிரிப் பிடித்துக்கொண்டு, ரொம்பக் கறாராக, "எந்தப் பக்கம் ஸ்க்ரூ?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம். மெதுவா."

கதவின் முழங்கையில் வைத்துத் திருகினார். "உள்ள இருக்கறவங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நான் அழுதுட்டு இருந்தேன்" என்றான் பொத்தான். "இப்ப முடிஞ்சிடுச்சு."

கதவு திறந்தது.

சத்தமில்லாத சத்தம் என்பதெல்லாம் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. கூரை எகிறுகிற மாதிரி ஆர்ப்பாட்டம். தட்டிக்கு மேலே பக்கத்து வகுப்புத் தலைகள் வரிசையாக முளைத்தன. பெரிய மிஸ் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் அதை விட்டுவிட்டுக் கைதட்டினார். அந்த அமளியின் நடுவில் பெரியம்மா இடுப்பில் கை வைத்து, "எல்லாரும் உக்காருங்க. நான் கதை சொல்லணும்" என்றாள். உட்கார்ந்தார்கள்.

"நானும் அப்பாவும் லிஃப்ட்ல ஏறினோம். லிஃப்ட் நின்னுடுச்சு. லைட்டும் போயிடுச்சு. அப்பாவுக்குப் பயம் வந்துடுச்சு. அழுதாங்க. நான் 'ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன்ல'ன்னு சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு அங்கிள் வந்து கதவைத் திறந்தாங்க. நான்தான் அழுதேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் நாங்க படியில நடந்து போனோம். கதை முடிஞ்சுது."

மைக் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டு வரி எழுதும்போது தாளே தெரியவில்லை.

மணி அடித்தபின் சிவப்பு மை முழங்காலில் ஒட்டிய சுண்ணப் பொடியைத் தட்டிக்கொண்டு குறிப்பைக் கொடுத்தார். நேரம் மீறியது தவறு. கதவு கைகளை அவ்வளவு நேரம் தூக்கி நின்றது உடம்புக்கு நல்லதல்ல. குரலைக் குறைக்கவும். ஒவ்வொன்றும் சிவப்பில். அடியில் கையெழுத்து. போகும்போது வாசலில் நின்று, "அடுத்த வாரம் நான் வந்தா..." என்று இழுத்தார். "பார்வையிட இல்ல. சும்மாதான்."

சாயங்காலம் பெரியம்மாவின் அப்பா வந்தார். இது அவருடைய ரகசியமும் ஆயிற்றே என்ற தயக்கம் மைக்குக்கு இருந்தது. வாசலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், "இன்னைக்கு ஒரு கதை சொன்னா. அவளே சொல்லட்டும், கேட்டுக்கோங்க" என்று மட்டும் சொல்லி நகர்ந்து நின்றாள். பெரியம்மா அப்பாவைக் குனிய வைத்துச் சொன்னாள். அவர் கேட்டார். மகளுடைய தலையைக் கோதினார். அவள் முடியில் வெள்ளை பெயின்ட் ஒட்டிக்கொண்டது.

"ஆமா. ரொம்பப் பயந்துட்டேன்" என்றார். "நீ இல்லேன்னா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

"எனக்கும் கொஞ்சம் பயம்தான்பா" என்றாள் பெரியம்மா, முதல் தடவையாக. அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். அத்தனை பெரிய மனுஷி, கூச்சமே இல்லாமல் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில், கையில் தூரிகையோடு அவர் வகுப்புக்கு வந்தார். கதையில் தனக்கு ஏதாவது வேஷம் உண்டா என்று கேட்டார். லிஃப்ட் கதை பழசாகிவிட்டது, இப்போது திமிங்கிலம் ஓடுகிறது என்று பெரியம்மா சொல்லி, அவரைக் கடலாகப் படுக்க வைத்தாள். அவர் மேல் எல்லோரும் நீந்தினார்கள்.

பயிற்சி முடிந்தது. மைக் தேறினாள். வகுப்பை விட்டு வரும் அன்று அவளும் அழுதாள், பெரிய மிஸ்ஸும் அழுதார். பெரியம்மா இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அம்மா அந்தச் செய்தியைக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மூக்கு துடைக்கிற பேச்சு என்னவாயிற்று என்று தம்பி கேட்டதற்கு, "துடைச்சா என்ன? சும்மா துடைக்கிறாளா?" என்று அவனை ஒரு பிடி பிடித்தாள்.

புது வகுப்பில் முதல் காலை. மைக் தாளும் பேனாவுமாகப் பாயில் உட்கார்ந்து, "யாருகிட்ட கதை இருக்கு?" என்றாள். உருண்டைக் கண்களோடு ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள்.

"ஒரு கல்லு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறமும் இருந்துச்சு."

மைக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு கதை அவள் கேட்டதே இல்லை! "சரி, யாரு கல்லு?" என்று கேட்டதுதான் தாமதம், முப்பது கைகள் உயர்ந்தன. எல்லோருமே கல்லாகட்டும் என்றாள் கதைக்குச் சொந்தக்காரி. வகுப்பு முழுக்கச் சுருண்டு படுத்தது. மைக்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் சுருண்டு படுத்தாள். வராந்தாவில் தலைமை ஆசிரியரின் காலடிச் சத்தம் நெருங்கி வந்து, கதவருகில் நின்றது.

"மிஸ், அவங்க யாரு?" என்றது ஒரு கல், உதட்டை அசைக்காமல்.

"தெரியல" என்றது பெரிய கல். "பார்ப்போம், அப்புறம் என்ன ஆகுதுன்னு."